ஒரே லட்சுமி, நான்கு எழுத்து

என் பாட்டியின் பெயர் குடும்ப அட்டையில் லெட்சுமி, பட்டாவில் இலட்சுமி, வங்கிப் புத்தகத்தில் லக்ஷ்மி. இவர்கள் மூவரும் ஒருவரே என்று சான்று கொண்டுவரச் சொல்லி ஓர் அலுவலகம் அவரைத் திருப்பி அனுப்பியது. இந்த எழுத்து வடிவங்களில் எதுவும் பிழையில்லை. வடமொழியில் ‘லக்ஷ்மி’ என்றால் முதலில் அடையாளம், குறி என்றுதான் பொருள். அதர்வ வேதத்தில் நல்ல லக்ஷ்மியும் உண்டு, விரட்ட வேண்டிய தீய லக்ஷ்மியும் உண்டு. தீயது உதிர்ந்து, நற்குறியே செல்வமாகி, செல்வமே தெய்வமானது பிறகு. இலட்சணம், இலக்கு, இலக்குவன் எல்லாம் அவளுக்கு உறவு. தமிழ் நாவு லகரத்தில் சொல்லைத் தொடங்கத் தயங்கி முன்னே ஓர் இகரம் வைத்து இலக்குமி என்றது. தென்மாவட்டங்களில் லெட்சுமி, கூப்பிடும்போது எங்கள் வீட்டில் லெச்சுமி. திருமகள் என்ற தமிழ்ப் பெயர் எனக்கு இன்னும் பிடிக்கும்; செல்வம், அழகு இரண்டையும் ‘திரு’ என்ற ஈரெழுத்து தாங்கிவிடுகிறது. இன்று ஒரு குழந்தைக்குப் பெயர் தேடினால் அதையே சொல்வேன். லட்சுமி என்றே வைப்பவர்கள் எந்த எழுத்தை எடுத்தாலும் சரி, பிறப்புச் சான்றிதழில் எழுதியதையே எல்லா ஆவணங்களிலும் எழுதுங்கள்.