விடுதியும் வழிகாட்டி நூலும்

முன்பின் அறியாத ஊரொன்றில் பொழுது சாயும் வேளை, வழிப்போக்கனின் உள்ளத்தில் இரு வினாக்கள் எழுகின்றன. படுக்கை தூயதாய் இருக்குமா? கேட்கும் பணம் நியாயமானதாய் இருக்குமா? விடுதிக்காரரை வினவினால் இரண்டுக்கும் இனிய மறுமொழியே கிடைக்கும். ஆகவே, அங்கு முன்னர் தங்கிச் சென்றவரும், அவ்விடுதியால் யாதொரு ஆதாயமும் பெறாதவருமான ஒருவரின் சொல்லையே பயணி நாடுகிறான். அச்சொல்லை அச்சேற்றித் தருவதே விடுதி வழிகாட்டி நூல். ஐரோப்பாவில் அந்நூல் வளர்ந்த வரலாறு, அதன் செலவை யார் ஏற்றார் என்பதன் வரலாறேயாகும்.

19ஆம் நூற்றாண்டில் இத்துறையிற் பெரும்புகழ் ஈட்டியவர் ஜெர்மனியரான கார்ல் பேடெக்கர். 1827இல் கோப்லென்ஸ் நகரிற் பதிப்பகம் நிறுவிய இவர், தாம் எழுதும் இடங்களைத் தாமே சென்று காண்பதைக் கடமையாகக் கொண்டார். மிலான் பேராலயத்தின் படிகளை எண்ணுவதற்கு, 20 படிகளுக்கு ஒரு பட்டாணியாக ஒரு சட்டைப்பையிலிருந்து மற்றொரு பைக்கு மாற்றிக்கொண்டே அவர் ஏறினார் என்று கண்டவர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். சிறந்தனவற்றுக்கு உடுக்குறி இடும் வழக்கம் அவருடைய நூல்களாற் பரவியது. விடுதிக்காரரின் விளம்பரங்களுக்கோ அந்நூல்களில் இடமில்லை. வாங்குவோர் தந்த விலையே நூலின் வருவாய். எனவே நூலாசிரியர் வாங்குவோருக்கு மட்டுமே கடமைப்பட்டிருந்தார்.

புகையிரதம் பயணிகளைப் பெருநகரங்களின் பெரிய ஹோட்டல்களுக்குக் கொண்டு சென்றது. அவர்களை நாட்டுப்புறத்துச் சிறு விடுதியின் வாசலுக்கு அழைத்துவந்தது மோட்டார் வண்டியே. பிரான்சில் 3,000 மோட்டார் வண்டிகள்கூட இல்லாதிருந்த 1900ஆம் ஆண்டில், ரயர் உற்பத்தியாளரான அந்திரே மிஷெலின், எதுவார் மிஷெலின் என்னும் சகோதரர்கள் சிவப்பு அட்டையிட்ட கைநூல் ஒன்றை 35,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினர். ரயரை மாற்றும் முறை, எரிபொருள் கிடைக்கும் இடம், இரவில் தங்குவதற்குரிய விடுதி ஆகியவை அதில் இருந்தன. மக்கள் பயணஞ் செய்தால் ரயர் தேயும், தேய்ந்தால் புதியது விற்கும் என்பது அவர்கள் கணக்கு.

இலவசமாய்க் கிடைத்த நூலுக்கு மதிப்புக் குறைவாகவே இருந்தது. ரயர்க் கடையொன்றில் மேசைக்கு அண்டை கொடுக்க அந்நூல் பயன்பட்டதைக் கண்டு அந்திரே மனம் நொந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. 1920 முதல் நூலுக்கு விலை வைக்கப்பட்டது. பணம் பெற்று இடும் விளம்பரங்களும் அதே வேளையில் நீக்கப்பட்டன. 1926இல் நல்லுணவுக்கு உடுக்குறி வந்தது. 1931இல் அது ஒன்று, இரண்டு, மூன்று எனத் தரம் பிரிந்தது. பெயர் கூறாது வந்து, உண்டு, தம் பணத்தைச் செலுத்திச் செல்லும் மேற்பார்வையாளரின் தீர்ப்பே அந்நூலுக்குப் பலமாயிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வேறொரு வகை நூல் தோன்றியது. பாரிஸிலிருந்து தென்கடல் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை விடுமுறைப் பயணிகளால் நிறைந்த காலம் அது. மேடைக் கலைஞர்களாயிருந்த மார்செல் தில்வா, நெலி தில்வா என்னும் தம்பதியர், றோன் நதிக்கரையிலுள்ள பே என்னும் சிற்றூரில் ஒரு விடுதியை நடத்திவந்தனர். 1954இல் அவர்கள், பாரிஸுக்கும் நீஸ் நகருக்கும் இடையே அமைந்த 8 நாட்டுப்புற விடுதிகளை ஒரு சங்கமாக இணைத்தனர். ஒரு விடுதியில் இரவைக் கழித்தவர் மறுநாள் அடுத்த விடுதியை நாடுவார். அவ்வழிக்கு ‘மகிழ்ச்சிப் பாதை’ என்றும் பெயரிட்டனர். 1975இல் பழங்கோட்டை விடுதிகளின் சங்கமும் உயர்ந்த உணவகங்களின் சங்கமும் அதனுடன் ஒன்றாகி, றெலே எ ஷாத்தோ என்னும் பெயர் நிலைத்தது. தனித்தன்மை, உபசாரம், அமைதி, வனப்பு, சமையல் ஆகிய ஐந்துமே அதன் இலட்சணங்கள் எனப்பட்டன.

இச்சங்கத்தின் நூல் வண்ணப் படங்களால் அழகுபெற்றது. கொடி படர்ந்த சுவர், வெண்துகில் விரித்த மேசை, சாளரத்துக்கு அப்பால் திராட்சைத் தோட்டம் என ஒவ்வொரு பக்கமும் கண்ணைக் கவரும். எனினும், அது உறுப்பினரான விடுதிகளின் செலவில் வெளியாவது. விருந்தினருக்கு விலையின்றிக் கொடுக்கப்படுவது. சங்கம் உறுப்பினரைத் தேர்ந்தே சேர்க்கிறது. தரம் குன்றியோரை நீக்கவும் செய்கிறது. ஆயினும், பக்கத்து ஊரில் இதனினும் நல்ல விடுதி ஒன்று இருப்பதாக அந்நூல் ஒருபோதும் உரைக்காது. அது தீர்ப்பன்று, அழைப்பு.

இதற்கு மறுதலையான நெறி இங்கிலாந்தில் உருவாயிற்று. வரலாற்றாசிரியரான ரேமண்ட் போஸ்ற்கேற், நாட்டின் மோசமான உணவைக் கண்டு சினந்து, 1951இல் நல்லுணவு வழிகாட்டியை வெளியிட்டார். உண்டவர்கள் எழுதிய கடிதங்களே அதற்கு ஆதாரம். அவ்வழியைப் பின்பற்றி, 1978இல் ஹிலறி றூபின்ஸ்ரைன் நல்விடுதி வழிகாட்டியைத் தொடங்கினார். தனித்தன்மை வாய்ந்த சிறு விடுதிகளையே அது பெரிதும் போற்றியது. நூலில் இடம்பெற விடுதிகளிடம் பணம் பெறுவதில்லை என்பது அதன் விரதமாயிருந்தது. தங்கியவர் தம் குறைகளையும் எழுதினர், அக்குறைகளும் அச்சேறின.

இவ்விரு நெறிகளின் வேறுபாடு இலங்கையருக்கும் அயலானதன்று. ஆங்கிலேயர் காலத்து வாடிவீடுகளை இந்நாட்டவர் நன்கறிவர். அண்மைக் காலத்திலோ, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் முன்னர் துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் சில, செல்வர் தங்கும் சிறு விடுதிகளாகி உலகப் பட நூல்களில் இடம்பெற்றுள்ளன. பனி தவழும் சரிவும், செதுக்கிய புற்றரையும், வெள்ளித் தட்டில் வரும் தேநீரும் அப்படங்களில் உண்டு. அவை பொய்யல்ல. ஆயினும், அத்தேயிலையைக் கொய்த கைகளுக்குரியவர் வாழும் லயன் காம்பிராக்கள் அச்சட்டத்துக்குள் அடங்குவதில்லை.

படம் உள்ளதைக் காட்டும், விட்டதைக் கூறாது. விட்டதைக் கூறுவதற்குப் பணம் செலுத்தித் தங்கி, அஞ்சாது எழுதும் ஒருவர் வேண்டும். கைத்தொலைபேசியில் ஆயிரம் விடுதிப் படங்கள் கணத்தில் தோன்றும் இக்காலத்திலும், பயணி முதலில் வினவத்தக்கது அந்தப் பழைய வினாவே: இதைச் சொல்பவருக்குக் கூலி கொடுத்தவர் யார்?