குட்டைக்கால் நெல்

நெற்பயிரின் உயரம் குறைந்த வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் 1966ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குகின்றனர். பிலிப்பைன்ஸ் நாட்டு லாஸ் பான்யோஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8 என்னும் நெல்லை வெளியிட்ட ஆண்டு அது. நாமோ அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்சென்று, தைவான் தீவிலிருந்து தொடங்க விழைகிறோம்.

அத்தீவு அந்நாளில் ஜப்பானியர் ஆட்சியில் இருந்தது. நெல் நாற்றுகள் அளவு மீறி நெடிது வளர்ந்து, வெளிறி, மணி பிடிக்காமலே மடிவதொரு நோய் அங்குக் கண்டது. ஜப்பானிய உழவர் அதற்கு இட்ட பெயர் 'பக்கானே'; மூட நாற்று என்பது பொருள். எத்துணைப் பொருத்தமான பெயர்! பூசணம் ஒன்று சுரக்கும் பொருளே இவ்வீண் வளர்ச்சிக்குக் காரணம் என்பதை 1926இல் குரோசாவா என்னும் அறிஞர் அங்கே மெய்ப்பித்தார். பின்னர் அது 'ஜிப்ரலின்' எனப் பெயர் பெற்றது. நலமாக வளரும் பயிரினுள்ளும் அதுவே சுரந்து தண்டை நீட்டுகிறது என்பது பிற்காலத்தில் புலனாயிற்று.

அதே தீவின் உழவரிடம் 'டீ-ஜியோ-வூ-ஜென்' என்றொரு நெல் வழங்கி வந்தது. குட்டைக்கால், கருநுனி என்று அப்பெயர் பொருள்படும். 1962இல் லாஸ் பான்யோஸில் பீட்டர் ஜென்னிங்ஸ் அதனை இந்தோனேசியாவின் 'பீட்டா' என்னும் நெட்டை நெல்லோடு இணைத்தார். முதல் தலைமுறை முழுவதும் நெட்டையாகவே நின்றது. இரண்டாம் தலைமுறையிலோ ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குட்டை. மெண்டல் பட்டாணிச் செடியிற் கண்ட அதே கணக்கு! நெட்டைக்கும் குட்டைக்கும் இடையே நின்றது ஒரே ஒரு மரபணுதான் என்பது வயலிலேயே வெளிப்பட்டது. அந்தக் குட்டைகளின் வழியில் ஹென்றி பீச்செல் தேர்ந்தெடுத்ததே ஐ.ஆர். 8.

குட்டையால் என்ன பயன் என்று கேட்கலாம். நெட்டைப் பயிருக்குத் தழைச்சத்தை மிகுதியாக இட்டால் அது மேலும் ஓங்கி, கதிரின் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். இட்ட உரமே விளைச்சலைக் கெடுக்கும். குட்டைப் பயிர் நிமிர்ந்து நின்று உரத்தை மணியாக்கியது. சோதனை வயலில் ஹெக்டேருக்கு 9 டன்னுக்கு மேலும் கண்டது.

அம்மரபணு யாது என்பது 2002இல்தான் துலங்கியது. ஜிப்ரலினை உண்டாக்கும் நொதி ஒன்றைத் தருவது அது. குட்டை நெல்லில் அது சிதைந்திருந்தது. மூட நாற்றின் நோய்க்கு நேர் எதிரான குறை!

குறைகளை மறைப்பதற்கில்லை. ஐ.ஆர். 8 புகையானுக்கும் துங்ரோ நோய்க்கும் ஈடுகொடுக்கவில்லை, சோறும் சுவைக்கவில்லை, மாட்டுக்கு வைக்கோல் குறைந்தது. சில ஆண்டுகளில் அது வயல்களை விட்டு விலகியது. ஆயினும் 1976இல் வந்த ஐ.ஆர். 36 முதலிய நெல்வகைகளில் அக்குட்டைத்தன்மை தொடர்ந்தது. அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த தைவான் உழவர் ஒருவரின் பெயரையேனும் நாம் எந்த ஏட்டிலும் கண்டதில்லை.