மழலையின் மொழிப் பயன்கள்

பெயர் சொல்லப் பழகுமுன்பே குழந்தை ஒலியால் காரியம் சாதிக்கிறது. மொழியியலாளர் மைக்கேல் ஹாலிடே, தம் மகனின் பேச்சை ஒன்பதாம் மாதம் முதல் கவனித்து 1975இல் நூலாக்கினார். கேட்டுப் பெறுதல், ஏவுதல், உறவாடுதல், தன்னை வெளிப்படுத்துதல், வினவுதல், கற்பனை, தெரிவித்தல் என ஏழு பயன்களை வகுத்தார். தெரிவித்தலே கடைசியில் வருவது.

திருவனந்தபுரம் ஆரியசாலையில், சாலைக் கடைத்தெருவையொட்டித் தமிழும் மலையாளமும் ஒருங்கே குழந்தையின் காதில் விழுகின்றன. “அம்மா” இரண்டுக்கும் பொது. குரல் ஏறினால் அது அழைப்பு, இழுத்தால் கெஞ்சல், விரல் நீட்டிச் சொன்னால் “அங்கே பார்”. ஆகவே சொற்களை எண்ணுவது மட்டும் போதாது; குரலையும் சைகையையும் சேர்த்தே கேட்க வேண்டும். இந்நகரின் குழந்தை வளர்ச்சி மையம், மூன்று வயது வரையிலான மொழி வளர்ச்சியை அளக்க, ‘லெஸ்ட்’ என்னும் அளவுகோலை உருவாக்கியுள்ளது.