பவுண்டன்ஸ் மடாலயம்

சென்னைப் பட்டணத்து ரிப்பன் மாளிகையைக் கண்டிராத நேயர் நம்மில் சிலரே. 1880 முதல் 1884 வரை இந்தியாவில் வைஸிராயாக இருந்த அந்த ரிப்பன் பிரபுவுக்கு ஒரு காலத்தில் உரிமையாயிருந்த நிலத்திலே, இங்கிலாந்தின் வடபாகமாகிய யார்க்ஷயரில், பவுண்டன்ஸ் என்னும் பழைய கிறிஸ்துவ மடாலயம் இடிந்து நிற்கின்றது. யாம் அதனைக் கண்டு வந்த விவரத்தை ஈண்டுச் சிறிது கூறுவோம்.

ஸ்கெல் என்னும் சிற்றாறு பாயும் குறுகிய பள்ளத்தாக்கு அது. இருமருங்கும் பாறைச் சரிவுகளும் அடர்ந்த மரங்களும், நடுவே பசும்புற்றரை, அதன்மேல் கூரையிழந்த நெடுஞ்சுவர்கள்.

1132-ஆம் வருஷத்தில், யார்க் நகரத்து மடமொன்றின் சுகவாழ்வை வெறுத்த 13 துறவிகள் அதனை விட்டு வெளியேற, ஆர்ச்பிஷப் தர்ஸ்டன் இவ்விடத்தை அவர்களுக்கு அளித்தார். பின்னர் அவர்கள் சிஸ்டெர்ஸியன் கூட்டத்தில் சேர்ந்தனர். ஏழ்மையை நாடி வந்தோரின் மடம் ஆட்டு ரோம வியாபாரத்தினால் பெருஞ்செல்வம் படைத்தது விந்தையே!

அச்செல்வத்தை உழைத்துத் தந்தவர் யாவர்? பணிச்சகோதரர் எனப்பட்டோர். ஆடு மேய்த்தலும் உழுதலும் அவர் தொழில். எழுத்தறியாத அவர்கள் மடத்திற் சேர்ந்த பின்னும் எழுத்துக் கற்கலாகாதென்பது விதி. ஜபங்களை வாய்ப்பாடமாகவே கொண்டனர். தேவாலயத்தில் துறவிகளுக்குக் கீழ்ப்பாகம், இவர்களுக்கு மேற்பாகம். மடாதிபதியைத் தேர்ந்தெடுப்பதில் இவர்களுக்கு வாக்கில்லை. ஆயினும், இவர்கள் தாமே விரும்பி வந்தவர்களென்பதை மறைத்தல் நியாயமன்று. இவ்விதிகளைப் படிக்குங்கால் நம்மவர்க்கு வேறு சில நினைவுக்கு வரலாம். அவற்றை யாம் எழுத வேண்டுவதில்லை.

1349-இல் பரவிய கொள்ளைநோய்க்குப் பின் பணிச்சகோதரர் அருகினர். 1539-இல் எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில் மடம் கலைக்கப்பட்டது. மடாதிபதிக்கும் துறவிகளுக்கும் உபகாரச் சம்பளம் கிடைத்தது. கூரையின் ஈயத்தைப் பெயர்த்தெடுத்தனர்.

வருவோர் பெரும்பாலும் மடாதிபதி ஹ்யூபி எழுப்பிய ஏறக்குறைய 160 அடிக் கோபுரத்தையே அண்ணாந்து பார்க்கின்றனர். எம்மை நிறுத்தியது மேற்குப்புறத்து மண்டபம். நீளம் 300 அடி. நடுவே ஒரே வரிசைத் தூண்கள். அவற்றிற்குப் போதிகையில்லை, வளைவுகள் பனைமட்டைபோல் நேரே விரிகின்றன. தேவாலயம் வானம் பார்த்து நிற்க, இதன் கல்விதானம் மட்டும் இன்றும் சிதையவில்லை. பண்டசாலையும், பணிச்சகோதரர் உண்ட அறையும் இதுவே. மேல்மாடியில் அவர்கள் உறங்கினர்.

மண்டபத்தின் தென்கோடியில் ஆறு கட்டடத்தின் அடியே நுழைந்து செல்கின்றது. வாயில் மூடும் நேரமென்று காவலர் வந்து கூறும் வரையில், அந்நீரொலியைக் கேட்டு யாம் அங்கேயே நின்றிருந்தோம்.