மொழியிடைத் தரவினப் பொருந்தாமை

மொழியிடைத் தரவினப் பொருந்தாமை என்பது ஒரு நிரலாக்க மொழியிலிருந்து வேறொரு மொழியில் எழுதப்பட்ட செயற்கூறினை அழைக்கும்போது, பரிமாறப்படும் மதிப்பின் தரவினத்தை இரு மொழிகளும் வெவ்வேறாகக் கொள்வதால் எழும் சிக்கல் ஆகும். ஒரே மொழிக்குள் இத்தகைய பிழைகள் பலவற்றை நிரல்மொழிமாற்றியே கண்டறிந்துவிடும். மொழி எல்லையில் அந்தக் காவல் இல்லை. சி மொழியில் எழுதித் தொகுக்கப்பட்ட நூலகத்தில் பொதுவாகச் செயற்கூறின் பெயர் மட்டுமே எஞ்சும். அது எந்த இனத்தைப் பெறும், எதைத் திருப்பித் தரும் என்னும் விவரம் இராது.

பெயர் ஒன்று, அளவு வேறு

சி மொழியின் லாங் இனம் 64-பிட்டு லினக்சில் 8 பைட்டுகளும், 64-பிட்டு விண்டோசில் 4 பைட்டுகளும் கொண்டது. ஜாவாவின் லாங் எங்கும் 8 பைட்டுகளே. ஜாவாவின் பைட் இனம் -128 முதல் 127 வரையிலான எண்களை மட்டும் ஏற்கும். ஆகவே சி நிரல் தரும் 200 என்னும் குறியற்ற பைட்டு, ஜாவாவில் -56 ஆகத் தோன்றும். பிட்டுகள் மாறவில்லை, அவற்றைப் படிக்கும் முறையே மாறியது. 255 உடன் பிட்டுவாரி 'உம்' செயலைச் செய்தால் 200 மீளக் கிடைக்கும்.

பைத்தானும் சி மொழியும்

2006 இல் வெளியான பைத்தான் 2.5 பதிப்பில் சிடைப்ஸ் என்னும் கூறு சேர்க்கப்பட்டது. வேறு அறிவிப்பு இல்லாவிடில், எல்லாச் சி செயற்கூறுகளும் இன்ட் இன முழு எண்ணையே திருப்பித் தருவதாக அது கொள்கிறது. சி கணித நூலகத்தின் வர்க்கமூலச் செயற்கூறுக்குப் பைத்தானின் பின்ன எண்ணை நேரடியாக அனுப்பினால் உடனே பிழைச்செய்தி வரும், இது நல்லதே. உரிய இனமாக மாற்றி அனுப்பி, விடையின் இனத்தை மட்டும் கூற மறந்தால் எச்சரிக்கை ஏதுமின்றிப் பொருளற்ற எண் கிடைக்கும். 64-பிட்டு எக்ஸ்86 செயலிகளில் மிதவைப்புள்ளி விடை தனிப் பதிவகத்தில் வருகிறது. சிடைப்ஸோ முழு எண்ணுக்குரிய பதிவகத்தைப் படிப்பதே காரணம்.

சுட்டிகளைத் திருப்பித் தரும் செயற்கூறுகள் இதனினும் ஆபத்தானவை. 64-பிட்டுக் கணினியில் சுட்டி 8 பைட்டுகள், இன்ட் 4 பைட்டுகள், மேற்பாதி வெட்டப்படுகிறது. நினைவக முகவரி சிறியதாக உள்ளவரை நிரல் சரியாகவே இயங்கும். முகவரி 4 பைட்டுகளைத் தாண்டும் நாளில், பிழை உள்ள வரியிலன்றி, அச்சுட்டியைப் பயன்படுத்தும் வேறோர் இடத்தில் நிரல் முறிந்து நிற்கும்.

தவிர்க்கும் வழிகள்

சிடைப்ஸில் ஆர்க்டைப்ஸ், ரெஸ்டைப் ஆகிய பண்புகளை ஒவ்வொரு செயற்கூறுக்கும் குறிப்பிடுதல் வேண்டும். சி பக்கத்தில், 1999 தரநிலையில் வந்த நிலையான அளவுடைய முழு எண் இனங்களைப் பயன்படுத்தலாம். சிஎஃப்எஃப்ஐ என்னும் பிற்காலக் கூறு சி அறிவிப்புகளையே உள்ளீடாகப் பெறுகிறது. அதன் ஏபிஐ முறையில் சி நிரல்மொழிமாற்றியே அவற்றைச் சரிபார்க்கும். ஏபிஐ என்றே ஒலிக்கும் இருமநிலை இடைமுக முறையிலோ அச்சோதனை இல்லாமையால், தவறான அறிவிப்பு அப்படியே ஏற்கப்படும்.