தருமபுரிச் சுப்பராயரும் அவர்தம் ஜாவளிகளும்

தகடூர் என்னும் பழம்பெயர் பூண்ட தருமபுரியின் வரலாற்றை எழுதப் புகுவோர், அதியமான் நெடுமான் அஞ்சியையும் அவனைப் பாடிய ஔவையாரையும் முதற்கண் நினைப்பர். பின்னர், பாப்பாரப்பட்டியில் 1925ஆம் ஆண்டு உயிர் நீத்த சுப்பிரமணிய சிவாவை நினைப்பர். இவ்வரிசையில் இசைவாணர் ஒருவர் பெயர் இடம்பெறுதல் அரிது. ஆயினும், இசையரங்குகளிலும் ஆடலரங்குகளிலும் இவ்வூரின் பெயரை நூறாண்டுக்கு மேலாக ஒலிக்கச் செய்துவரும் பாவலர் ஒருவர் உளர். அவரே தருமபுரிச் சுப்பராயர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்து, ஜாவளி என்னும் இசைப்பா வகையை அதன் உச்சநிலைக்குக் கொண்டு சென்றோருள் இவர் தலையாயவர் என இசைவல்லார் மதிப்பர்.

இவரைத் தமிழ் ஆராய்ச்சியாளர் கருதாது விடுதற்குக் காரணங்களாக இரண்டு காட்டப்பெறலாம். ஒன்று, இவர்தம் பாடல்கள் தெலுங்கு மொழியில் அமைந்தமை. மற்றொன்று, அவை காமச்சுவை நுதலிய சிற்றுருப்படிகள் எனக் கருதப்படுகின்றமை. இவ்விரு காரணங்களும் வலியுடையன அல்ல என்பதனையும், சுப்பராயரின் இசை எவ்வெவ் ஊற்றுக்களினின்று பெருகியது என்பதனையும் இக்கட்டுரையில் ஆராய்வாம்.

நிலமும் மொழியும்

மொழி பற்றிய தடையை முதற்கண் நோக்குவோம். தருமபுரி ஒருமொழி நிலம் அன்று. 9ஆம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆண்ட நுளம்பர் கன்னடக் கல்வெட்டுக்களை இங்கு விட்டுச் சென்றனர். பாராமகால் என வழங்கிய இந்நிலப்பகுதி மைசூர் அரசின்கீழ் இருந்து, 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. அப்பொழுது இதனை ஆளவந்த அலெக்சாந்தர் ரீடும் அவருக்குத் துணைநின்ற தாமஸ் மன்றோவும் குடிமக்களோடு பல மொழிகளில் பழக வேண்டியவராயினர். பின்னர்ச் சேலம் மாவட்டத்தின் பகுதியாய் இருந்து, 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தருமபுரி தனி மாவட்டமாயிற்று. அதன் வடபகுதி 2004ஆம் ஆண்டு கிருட்டிணகிரி மாவட்டமாகப் பிரிந்தது. எல்லைகள் இவ்வாறு மாறினும், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் ஒலிக்கும் இயல்பு இந்நிலத்தினின்று நீங்கவில்லை.

இத்தகைய நிலத்தில் தோன்றிய ஒருவர் தெலுங்கில் பாடியது வியப்பன்று. அக்காலத்துத் தென்னாட்டு இசையரங்கின் பொதுமொழியும் தெலுங்கே. தஞ்சையில் தமிழர் நடுவே வாழ்ந்த தியாகராசரும் சியாமா சாத்திரிகளும் பெரும்பாலும் தெலுங்கிலேயே பாடினர். அதனை மாற்ற வேண்டும் என்ற உணர்ச்சி முறுகி எழுந்து, 1943ஆம் ஆண்டு தமிழிசைச் சங்கம் தோன்றியது சுப்பராயர் காலத்திற்குப் பிற்பட்ட நிகழ்ச்சி. பிற்காலத்து அளவுகோலால் முற்காலத்தவரை அளத்தல் வரலாற்று நெறி ஆகாது. தமிழில் பாடாமை கொண்டு ஒருவரைத் தமிழ்நிலத்தின் வரலாற்றினின்று நீக்குதல், அந்நிலத்தின் வரலாற்றையே குறைத்துக் கூறுதலாகும்.

ஜாவளி என்னும் பா வகை

ஜாவளி என்னும் சொல்லைக் கன்னடத்தோடு தொடர்புபடுத்துவர் அறிஞர். மைசூர் அரசவையில் இருந்த தஞ்சைச் சின்னையாவும், திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளும் (1813–1846) இவ்வகையில் பாடல் இயற்றினர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பட்டாபிராமையா, பட்டணம் சுப்பிரமணிய ஐயர் முதலியோர் கையில் இது செழித்தது. சுப்பராயர் இக்கூட்டத்தைச் சார்ந்தவர்.

பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் உறுப்புக்கள் ஜாவளிக்கும் பதத்திற்கும் பொது. இரண்டும் தலைவன் தலைவியரின் காதலையே பொருளாகக் கொள்வன. வேறுபாடு நடையிலும் மொழியிலும் உள்ளது. பதம் மெல்ல அசைந்து செல்லும். ஒரு சொல்லை நெடிது நிறுத்தி அதன் உட்பொருளைத் துருவும். ஜாவளி விரைந்து செல்லும். அதன் மொழி நாட்பேச்சிற்கு அணுக்கமானது. கோபமும் எள்ளலும் கொஞ்சலும் அதில் நேரே வெளிப்படும். விரைவு பற்றி இதனை எளிய உருப்படி எனக் கருதுவார் உளர். குறுகிய இடத்தில் இராகத்தின் முழுவடிவையும் ஒரே சொல்வீச்சில் காட்ட வேண்டியிருத்தலின், இது நெடும்பாட்டினும் கடினமானது என்பதே யாம் கொள்ளும் கருத்து.

இசையின் ஊற்றுக்கள்

சுப்பராயரின் இசைக்கு ஊற்றுக்களாக மூன்றினைக் கூறலாம். அவர் கையாண்ட இராகங்களே இதற்குச் சான்று.

முதலாவது, 17ஆம் நூற்றாண்டினராகிய க்ஷேத்ரஞ்ஞர் வழிவந்த பத மரபு. காதலியின் மனநிலை ஒன்றனைத் தேர்ந்து, அதனை ஒரு பாட்டின் முழுப்பொருளாக்கும் முறை அம்மரபினின்று ஜாவளிக்கு வந்தது. இரண்டாவது, மும்மூர்த்திகள் வளர்த்த கீர்த்தனை மரபு. சுப்பராயரின் புகழ்பெற்ற ‘ஸ்மரசுந்தராங்குனி’ பரசு இராகத்தில் அமைந்தது. மாயாமாளவகௌளையில் பிறந்த இவ்விராகம் முத்துசுவாமி தீட்சிதரும் சியாமா சாத்திரிகளும் கையாண்டு பெருமைப்படுத்தியது. தீட்சிதர் சுக்கிரன்மேல் பாடிய கீர்த்தனை இதில் அமைந்ததே. கோளின் வழிபாட்டிற்கு உரிய இராகத்தைக் காதலனின் பெருமை பேசுதற்கு மாற்றிய துணிவினைச் சுப்பராயரிடம் காண்கின்றோம்.

மூன்றாவது, வடநாட்டு இசையின் சாயல். தஞ்சையை 1676 முதல் 1855 வரை ஆண்ட மராட்டியர் அவையிலும், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாகாணத்தில் சுற்றிவந்த மராட்டி நாடகக் குழுக்களின் மேடையிலும் இந்துஸ்தானி மெட்டுக்கள் தென்னாட்டார் செவிக்குப் பழகின. ‘பருலன்னமாட’ என்னும் ஜாவளி காபி இராகத்தது. ‘சகி பிராண’ செஞ்சுருட்டியில் வழங்குவது. ‘அதி நீபை’ யமுனாகல்யாணியில் அமைந்தது. இவை மூன்றும் வடநாட்டுச் சாயல் தோய்ந்த இராகங்களாக இன்று பாடப்பெறுகின்றன. யமுனாகல்யாணியில் தீட்சிதர் திருவானைக்காப் பெருமானைப் பாடினார். அவர் காசியில் பல்லாண்டு தங்கியவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. ஆயினும், தீட்சிதர் கையில் விளம்ப நடையில் ஆழ்ந்து செல்லும் அவ்விராகம், சுப்பராயர் கையில் தூது சொல்லும் தோழியின் விரைவைப் பெறுகின்றது. பிறரிடமிருந்து பெற்றதனைத் தம் பாவின் தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் இவ்வாற்றலே அவர்தம் தனித்தன்மை என்க.

கூற்று நோக்கு

இனி, காமச்சுவை பற்றிய தடையை நோக்குவாம். அகத்திணை பயின்ற தமிழ் மாணவர்க்கு ஜாவளி புதிய உலகம் அன்று. மேற்காட்டிய நான்கு பாடல்களையும் கூற்று வகையால் பகுத்துப் பார்ப்பின் இது விளங்கும்.

‘பருலன்னமாட’ தலைவி தலைவனை நோக்கிக் கூறுவது. பிறர் கூறும் சொல்லை நம்பித் தன்னை ஐயுற வேண்டா என அவள் இரக்கின்றாள். அகப்பாடல்கள் அலர் எனக் குறிக்கும் ஊர்ப்பேச்சே இதன் கரு. ‘சகி பிராண’ தலைவி தோழிக்குக் கூறுவது. உயிரனையவன் தனக்குச் செய்ததனைச் சொல்லி அவள் ஆற்றாளாகின்றாள். ‘அதி நீபை’ தோழி தலைவனிடம் சென்று, தலைவி அவன்பால் கொண்ட மையலை உரைப்பது. ‘ஸ்மரசுந்தராங்குனி’ இவற்றினின்றும் வேறுபட்டது. இங்கே ஊடல் இல்லை, தூது இல்லை, தன் தலைவனுக்கு ஒப்பார் இல்லை எனத் தலைவி பெருமிதம் கொள்வது மட்டுமே உண்டு. தொல்காப்பியர் வகுத்த கூற்று முறை கொண்டு இவற்றை ஆராயின், ஒன்றேனும் வரம்பிற்குப் புறம்பானதாகத் தோன்றாது.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அகப்பாட்டில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்படாது. அதனாலேயே அது எல்லார்க்கும் உரிய காதலாகின்றது. ஜாவளியிலோ முத்திரை என்னும் வழக்கு உண்டு. சுப்பராயர் தம் பெயரை முத்திரையாக வைத்திலர். தருமபுரி என்னும் தம் ஊர்ப்பெயரையே வைத்தார். காதலி விளிக்கும் தலைவன் தருமபுரியில் உறையும் இறைவன் ஆகின்றான். எனவே, பாடியவர் தம்மை மறைத்துக்கொண்டு தம் ஊரை முன்னிறுத்தினார். எந்த மேடையில் எவர் பாடினும், சரணத்தின் முடிவில் தருமபுரியின் பெயர் வந்தே தீரும். ஒருவர் தம் ஊர்க்குச் செய்யத்தக்க சிறப்பு இதனினும் வேறு யாது?

காத்தோர்

இப்பாடல்கள் நம் காலம்வரை வந்தமைக்குக் காரணமானவர் வீணை தனம்மாள் (1867–1938). சென்னை ஜார்ஜ் டவுனில் இவர் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் நிகழ்ந்த வீணையிசையைக் கேட்க இசைப்புலவர் பலரும் கூடுவர். தீட்சிதர் கீர்த்தனைகளைச் சாத்தனூர்ப் பஞ்சநத ஐயரிடமும், பதங்களை வாலாசாப்பேட்டைப் பாலதாசரிடமும் இவர் கற்றார். சுப்பராயர் இவர்தம் இசையில் ஆழ்ந்து ஈடுபட்ட நண்பர். தாம் இயற்றிய ஜாவளிகளை இவரிடம் அளித்தவர் என்பது அக்குடும்பத்து மரபு. பாவலர் கண்ட மெட்டு, பதமும் கீர்த்தனையும் ஊறிய ஒரு வீணைக்கலைஞரின் விரல்வழியே உருப்பெற்றது. ஆதலின், இப்பாடல்கள் இன்று பெற்றுள்ள வடிவில் தனம்மாளுக்கும் பங்கு உண்டு எனக் கொள்ளுதல் தகும்.

தனம்மாளின் மகளிரும் பேர்த்தியரும் இவற்றை வாய்மொழியாகவே கற்றுப் போற்றினர். அக்காலமோ இப்பாடல்களுக்கு இடர் மிக்க காலம். 1892 முதல் சென்னையில் சதிராட்டத்திற்கு எதிரான இயக்கம் வலுத்தது; 1947ஆம் ஆண்டு தேவதாசி முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பெண்டிர்க்கு இழைக்கப்பட்ட கொடுமையை ஒழித்த அச்சட்டம் வேண்டப்பட்டதே. ஆயின், அம்முறையோடு தொடர்புடையார் பாடிய பாடல்களையும் இழிந்தனவாகக் கருதும் மனப்போக்கு உடன் வளர்ந்தது. கொடுமை வேறு, கலை வேறு என்னும் தெளிவு அன்று பலர்க்கு இல்லை.

அத்தெளிவைத் தம் கலையாலேயே நிலைநாட்டினர் தனம்மாளின் பேர்த்தியர். தி. பிருந்தா (1912–1996) தம் தங்கை முக்தாவுடன் இணைந்து மேடைகளில் ஜாவளிகளைப் பாடினார். 1960ஆம் ஆண்டு சென்னை மியூசிக் அகாதெமி வெளியிட்ட ஜாவளித் தொகுப்பின் வாயிலாகச் சுப்பராயர் பாடல்களைச் சுரக்குறிப்புடன் அச்சேற்றினார். இராமநாதபுரம் கிருட்டிணன் முதலிய பாடகர் அவரிடம் கற்றனர். தி. பாலசரசுவதி (1918–1984) தம் தாய் செயம்மாள் பாட, ஆடலில் அவற்றிற்கு அபிநயம் செய்தார். 1975ஆம் ஆண்டு தமிழிசைச் சங்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கிய அவர், சிருங்காரம் பரதக்கலையின் தலையாய சுவை என்றும், அதனைத் தூய்மைப்படுத்துவார் எவரும் வேண்டா என்றும் பொருள்பட உரையாற்றினார். தமிழுக்கென எழுந்த மேடையிலேயே அம்மறுமொழி கூறப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், சுப்பராயர் மும்மொழி வழங்கும் எல்லைநிலத்தின் மைந்தர் என்பதும், பதமும் கீர்த்தனையும் வடநாட்டு மெட்டும் ஆகிய மூன்றனையும் ஒரு சிற்றுருப்படியில் இணைத்தவர் என்பதும், அவர் பாடல்கள் பெண்மக்கள் மூன்று தலைமுறையினரின் நினைவாற்றலால் காக்கப்பட்டன என்பதும் பெறப்படும். ஏடு காத்தவரைத் தமிழ் உலகம் நன்றியோடு போற்றுகின்றது. செவியிலும் நாவிலும் பாட்டைக் காத்த இம்மகளிர்க்கும் அந்நன்றி உரியது.

தமிழ்த்துறையினர் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. சுப்பராயர் ஜாவளிகளைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து, பொருளுரையும் கூற்றுவிளக்கமும் சேர்த்துப் பதிப்பித்தல் வேண்டும். அகத்திணைப் பாடல்களோடு அவற்றை ஒப்புநோக்கும் ஆய்வுகள் எழுதல் வேண்டும். தருமபுரி மாவட்டத்துப் பள்ளிகளில் பயிலும் மாணவர், அதியமானையும் ஔவையையும் அறிவதுபோல, தம் ஊர்ப்பெயரையே தம் பெயராகக் கொண்டு பாடிய இப்பாவலரையும் அறிதல் நன்று.