சேதி முதலில் யாருக்கு?

வெளியில் தெரியாத சேதியை வைத்துப் பங்கு வாங்கினாலோ விற்றாலோ, இன்று மலேசியாவில் 10 ஆண்டு வரை சிறை. அபராதம் குறைந்தது 10 லட்சம் ரிங்கிட். இந்தச் சட்டத்தின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், அங்கே குற்றம் என்று ஒன்றே இல்லை.

1902-இல் லண்டனில் பெர்சிவல் எதிர் ரைட் என்றொரு வழக்கு. பங்குதாரர் சிலர் தம் பங்குகளை 12 பவுண்டு 10 ஷில்லிங்குக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் கம்பெனியின் இயக்குநர்கள்; முழுக் கம்பெனியையும் அதைவிடக் கூடுதல் விலைக்கு விற்க அப்போதே பேச்சு நடத்திக்கொண்டிருந்தவர்கள். இயக்குநர் கடமைப்பட்டது கம்பெனிக்கு, தனிப் பங்குதாரருக்கு அல்ல என்றது தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பு நிலவிய காலத்தில்தான், 1909-இல், மலாயாவின் கெடா சயாமிடமிருந்து பிரிட்டிஷார் கைக்கு வந்தது. மறு ஆண்டே ரப்பர் விலை ஒரு பவுண்டு எடைக்கு 12 ஷில்லிங்கைத் தாண்டியது. கூலிமிலும் சுங்கை பட்டாணியிலும் காடு அழிந்து தோட்டமானது. பால் வெட்டியது தமிழர். பங்கு கைமாறியது லண்டனில்.

1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு நிலங்களாக அறுத்து விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம்மவர்கள் சொன்னது இதைத்தான். பொருளாதார அறிஞர் உங்கு அஜிஸ் 1962-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதே. விடியுமுன் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்புக்குப் போய் நிற்கும் தொழிலாளிக்கு வேலை, வீடு இரண்டும் ஒரே முதலாளியிடம். நிலம் கைமாறினால் இரண்டும் ஒன்றாகப் போகும். விற்பனைப் பேச்சு அவர் காதுக்குத்தான் கடைசியில் வரும்.

இதற்கு விடையாக, மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டி, நூறு வெள்ளிப் பங்கு சேர்த்தார்கள் தொழிலாளர்கள். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். பால் வெட்டுகிறவரே பங்குதாரராகவும் ஆன அந்த ஏற்பாட்டுக்கு ஈடாக எந்தச் சட்டத்தையும் என்னால் சொல்ல முடியவில்லை.

சேதியை வைத்து லாபம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டமோ மெதுவாகவே நகர்ந்தது. பதவியால் கிடைத்த தகவலைச் சுயலாபத்துக்குப் பயன்படுத்தக் கூடாதென்று 1965-இன் கம்பெனிச் சட்டம் அதிகாரிகளைக் கட்டியது. 1973, 1983 ஆண்டுகளின் பங்குத் தொழில் சட்டங்கள் வந்தன. 1993-இல் செக்யூரிட்டிஸ் ஆணையம் பிறந்தது. பெரிய திருப்பம் 1998-இல்தான்: கம்பெனிக்கு நீ யார் என்ற கேள்வி போய், உன்னிடம் இருந்த தகவல் என்ன என்ற கேள்வி வந்தது. அதன்பின் காதில் விழுந்த சேதியைக் கொண்டு வாங்கும் மூன்றாம் மனிதரும் தப்ப முடியாது. 2007-இன் மூலதனச் சந்தைச் சட்டம் அதையே 188-ஆம் பிரிவாக நிறுத்தியது.

அதே 2007-இல்தான் சைம் டார்பி, கோல்டன் ஹோப், கத்ரி என்ற மூன்று பெரும் தோட்டக் கம்பெனிகளும் ஒன்றாயின. அந்த இணைப்புச் சேதி வெளிவருமுன் பங்கு வாங்குவதைச் சட்டம் தடுத்தது, சரிதான். பங்கு இல்லாதவருக்கு? 1980-இன் பணிநீக்க நலன் விதிமுறைப்படி, தோட்டம் கைமாறிய 7 நாளுக்குள் புது முதலாளி பழைய நிபந்தனைக்குக் குறையாமல் வேலை தர முன்வந்து, தொழிலாளி அதைத் தகுந்த காரணமின்றி மறுத்தால், பணிநீக்கத் தொகை கிடையாது. அதாவது, அவருடைய கணக்கு தொடங்குவதே விற்பனை முடிந்த பிறகு. வேலையே போனால், ஒப்பந்தம் என்ன சொன்னாலும், 5 ஆண்டோ அதற்கு மேலோ உழைத்தவருக்குக் குறைந்தது 8 வார முன்னறிவிப்பு. 30 ஆண்டு பால் வெட்டியவருக்கும் அதே 8 வாரம். விற்பனைப் பேச்சு தொடங்கும்போதே தோட்டத்து மக்களுக்கும் சொல்லியாக வேண்டும் என்று ஒரு பிரிவு எழுதப்பட வேண்டும்.